காட்டுக்கு ஒரு சிறு கத்தி

ஒரு சிறு கத்தியின் தகுதியை அதன் எஃகின் பெயரிலும் பிடியின் அலங்காரத்திலும் தேடுவது வழக்கமாக இருக்கிறது. வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, ஈரமும் குளிரும் கொழுப்பும் படிந்த கைக்குள் பிடி எவ்வளவு நிலையாக அமர்கிறது என்ற இரண்டு விஷயங்களிலேயே அந்தத் தகுதி அடங்கியிருக்கிறது என்னும் முடிவுக்கு, ஸ்வீடன் தேசத்தின் நடுப்பகுதியிலுள்ள டாலர்னா மாகாணத்துக் காடுகளில் சில இலையுதிர் காலங்களைக் கழித்தபின் நான் வந்து சேர்ந்திருக்கிறேன். வேட்டைக்கும் கூடார வாசத்துக்குமாக ஒரே கத்தியைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு, அந்த முடிவுக்கு ஆதாரமான பரீட்சைகளை விளக்கமாகச் சொல்வது பிரயோஜனப்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

மடக்குக் கத்தியை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். சட்டைப் பையில் அடங்கும் சௌகரியம் அதற்கு உண்டு. நகரத்தில் கடிதம் பிரிக்கவும் பழம் நறுக்கவும் அதைவிடத் தோதான பொருள் இல்லை. ஆனால் அதன் கீலும் பூட்டும், மண், பிசின், இரத்தம், மயிர், கொழுப்பு ஆகிய சகலத்தையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கின்றன. மிருகத்தை உரித்து முடித்த பின் அந்த இடுக்குகளைச் சுத்தம் செய்ய வெந்நீரும் ஊசியும் வேண்டியிருக்கிறது. விரல்கள் விறைத்துப்போன காலை வேளையில் நகத்தால் அலகை இழுத்துத் திறப்பதும், பலமாக அழுத்தும்போது பூட்டு நழுவி விரலின்மேல் மடங்கிவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே வேலை செய்வதும் காட்டில் தேவையற்ற கஷ்டங்கள். மடங்காத கத்தியை உறையிலிருந்து உருவினால் வேலை தொடங்கிவிடுகிறது; கழுவித் துடைத்தால் முடிந்துவிடுகிறது.

பரீட்சைக்கு நான் எடுத்துக்கொண்ட கத்திகள் மூன்று. மோரா நகரத்து மோராக்னீவ் கம்பெனியின் கம்பானியன் என்பது முதலாவது. அதன் அலகு ஏறத்தாழ 104 மில்லிமீட்டர் நீளமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளது, உறையோடு சேர்த்துங்கூட எடை 120 கிராமைத் தாண்டாது. அதே கம்பெனி 2016-ல் வெளியிட்ட கார்பெர்க் இரண்டாவது. 109 மில்லிமீட்டர் நீளம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, பிடியின் கடைக்கோடி வரை ஊடுருவிச் சென்று அடியில் வெளியே தலைகாட்டும் எஃகுக் காம்பு ஆகியவை அதன் அங்கங்கள். மூன்றாவது, வடக்கு ஸ்வீடனில் 1984-ல் ஆரம்பிக்கப்பட்ட ஃபெல்க்னீவன் கம்பெனியின் எஃப்1. 97 மில்லிமீட்டர் நீளமே உள்ள அதன் அலகுக்கு 4.5 மில்லிமீட்டர் தடிப்பு கொடுத்திருக்கிறார்கள். 1995 முதல் ஸ்வீடிஷ் விமானப் படையின் விமானிகளுக்குரிய உயிர்காப்புக் கத்தி என்ற ஸ்தானம் அதற்கு உண்டு. விலையைப் பொறுத்தவரை, முதற்கத்திக்கும் மூன்றாவதற்கும் ஏறத்தாழப் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பத்து மடங்குக்கு வாங்குகிறவர் பெறுவது என்ன என்பதுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி.

கத்தியைப் பற்றி எழுதும்போது மோராவைப் பற்றிச் சில வார்த்தைகளாவது சொல்லாமற் போவது தகாது. சில்யான் ஏரியின் கரையிலுள்ள சிறிய நகரம் அது. சுமார் 38 கோடி வருஷங்களுக்கு முன் ஒரு விண்கல் மோதி உண்டாக்கிய, 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள மாபெரும் வட்டப் பள்ளத்தின் விளிம்பில் அந்த ஏரி கிடக்கிறது. ஐரோப்பாவில் அறியப்பட்டுள்ள இவ்வகைப் பள்ளங்களுள் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. நகரத்தை அடுத்த ஓஸ்ட்னோர் என்னும் கிராமத்து ஜனங்கள், விளைச்சல் குறைந்த மண்ணை மட்டும் நம்பியிராமல், நெடுங்காலமாகக் கடிகாரம் செய்தும் உலோக வேலை செய்தும் ஜீவித்து வந்தவர்கள். அமெரிக்காவில் சில காலம் உழைத்துத் திரும்பிய ஃப்ராஸ்ட்-எரிக் எர்சன் 1891-ல் அங்கே ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியபோது, அவர் செய்ய எண்ணியது மரங்களை இழுத்துச் செல்லும் பனிச்சறுக்கு வண்டிகளை. அந்த வேலைக்கு வேண்டிய கத்திகளைச் செய்யப்போய், கத்தியே பிரதான தொழிலாயிற்று. 1912-ல் எரிக்ஸன் என்பவர் அதே கிராமத்தில் இன்னொரு கத்திச் சாலையைத் தொடங்கினார். நெடுநாள் அண்டை வீட்டுப் போட்டியாளர்களாக இருந்த இரண்டும் 2005-ல் ஒன்றாயின.

எஃகுக்கும் அவர்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மாகாணத்தில் சாண்ட்விக்கென் இருக்கிறது. பெஸ்ஸமர் கண்டுபிடித்த உருக்குமுறை இங்கிலாந்திலேயே தடுமாறிக்கொண்டிருந்த சமயத்தில், 1858-ல், எட்ஸ்கென் என்ற இடத்து உலையில் அதை முதன்முதலாகச் செவ்வையாக நடத்திக் காட்டிய யோரன் ஃப்ரெட்ரிக் யோரன்ஸன் 1862-ல் நிறுவிய ஆலை அது. அதன் எஃகுப் பிரிவு 2022 முதல் அலெய்மா என்ற பெயரில் வழங்குகிறது. துருப்பிடிக்காத கம்பானியனின் அலகு அங்கே தயாராகும் 12சி27 என்னும் எஃகினால் ஆனது, கரி 0.6 சதவிகிதமும் குரோமியம் 13.5 சதவிகிதமும் கலந்த, துகள் மிக நுண்மையான எஃகு. கார்பெர்க்குக்கு 14சி28என், அதில் குரோமியம் 14 சதவிகிதம், அத்துடன் சிறிதளவு நைட்ரஜனும் சேர்த்து, துருவுக்கு இடங்கொடாதபடி மேலும் திருத்தியிருக்கிறார்கள். எஃப்1-இன் நடுவில் இருப்பது விஜி10 என்னும் ஜப்பானிய எஃகு. கரி சுமார் 1 சதவிகிதம், கோபால்ட்டும் உண்டு. கடினமான அந்த நடுத்தகட்டை, மிருதுவும் உறுதியும் உள்ள வேறு எஃகுத் தகடுகள் இரண்டு பக்கமும் அணைத்திருக்கின்றன. விவரப் பட்டியலில் இவற்றைப் படிக்கிறவர், கரி மிகுந்ததே வெட்டுவதிலும் மிகுந்தது என்று கருதக்கூடும். மரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

ஏனெனில் வெட்டுவது அலகின் வடிவம். மோராக் கத்திகளின் பக்கங்கள் முதுகிலிருந்து பாதிக்கு மேல் தட்டையாக இறங்கி, பின் ஒரே சாய்தளமாக வாய்வரை செல்கின்றன. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கத்திகளில் காணப்படுவதுபோல, அந்தச் சாய்தளத்தின் நுனியில் இன்னொரு சிறு சாய்வு கிடையாது. இதனால் உளியைப் பயன்படுத்தும் தச்சர் எப்படி அதன் சாய்வை மரத்தின்மேல் படியவைத்து எவ்வளவு ஆழம் சீவுவது என்பதைத் தீர்மானிக்கிறாரோ அவ்விதமே இந்தக் கத்தியையும் ஆளலாம். சாய்தளம் மரத்தில் அமர்ந்தவுடன் கோணம் தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. எஃப்1-இன் அலகோ புளியங்கொட்டையின் பக்கம்போல் லேசாகப் புடைத்து வாய்க்கு இறங்குகிறது. அந்தப் புடைப்பு வாய்க்குப் பின்னால் எஃகை அதிகமாக நிறுத்தி உறுதி தருகிறது. ஆனால் மரத்தின்மேல் அமரும் தளம் ஒன்று இல்லாமையால், கோணத்தை ஒவ்வொரு சீவலுக்கும் மணிக்கட்டே கண்டுபிடிக்க வேண்டும்.

கூடாரவாசிக்குக் கத்தியின் முதல் வேலை நெருப்பு. வடதேசத்துக் காட்டில் செப்டம்பர் மாத மழை நாட்கணக்காகப் பெய்யும். தரையில் கிடக்கும் சுள்ளி அத்தனையும் நனைந்திருக்கும். நின்றபடியே பட்டுப்போன பைன் மரத்தின் ஒரு கிளையைப் பிளந்தால் உள்ளே காய்ந்த கட்டை கிடைக்கிறது. அதை நுனி விடாமல் மெல்லிய சுருள்களாகச் சீவி, ஒரு குச்சியின் தலையில் பூங்கொத்தாகத் திரட்டி வைத்தால் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். இந்தச் சீவலில் கம்பானியனுக்கு நிகராக மற்ற இரண்டையும் நான் சொல்லமாட்டேன். சுருள் காகிதத்தைப்போல் மெலிந்து வருகிறது, கை களைப்பதில்லை. கார்பெர்க்கும் நன்றாகச் சீவுகிறது. தடிப்பு மிகுதியால் சாய்தளம் அகன்று, கடினமான பிர்ச் மரத்தில் சற்றே அதிக பலத்தைக் கேட்கிறது. எஃப்1-ஐக் கொண்டும் நெருப்பு மூட்டினேன். ஆயினும் சுருள்கள் தடித்து வந்தன, அடிக்கடி உதிர்ந்துபோயின. பிர்ச் பட்டையை உரித்துச் சுரண்டி, தீப்பொறிக் கோலால் பற்றவைப்பதில் மட்டும் வரிசை மாறிவிடுகிறது. கார்பெர்க்கின் முதுகை அந்தக் காரியத்துக்கென்றே கூரிய விளிம்பாகத் தேய்த்திருக்கிறார்கள்; கோலில் ஒருமுறை அழுத்தி இழுத்தால் பொறி மழையாகக் கொட்டுகிறது. கம்பானியனின் முதுகு அப்படித் தேய்க்கப்படவில்லை. அரத்தால் ஓர் அங்குல தூரத்துக்கு விளிம்பைச் சமன்செய்துகொண்டால் அந்தக் குறையும் நீங்கும், கால்மணி நேர வேலை.

சமையலிலும் மெல்லிய அலகே சிலாக்கியம். காரட்டையும் பாலாடைக் கட்டியையும் தடித்த அலகு அறுப்பதற்குப் பதிலாகப் பிளந்து உடைக்கிறது. ஏரியில் பிடித்த மீனின் வயிற்றைக் கீறவும் முள்ளோரமாகச் சதையை எடுக்கவும் நான்கரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்பு எவ்வகையிலும் உதவுவதில்லை.

வேட்டையின் தேவைகள் வேறு. ஸ்வீடனில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடும் பருவம் வடக்கே செப்டம்பரிலும் தெற்கே அக்டோபரிலும் வருகிறது. அந்த நாட்களில் பல ஊர்களில் மற்ற வேலைகள் பாதி நின்றுவிடும் என்றே சொல்லலாம். துப்பாக்கி ஏந்துவதற்கு அங்கே பரீட்சை எழுதித் தேற வேண்டும், நான் ஏந்தவில்லை. ஒரு வேட்டைக் குழுவினர், சுட்டு வீழ்த்திய மிருகத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ‘காட்டின் அரசன்’ என்று அவர்கள் மரியாதையோடு குறிப்பிடும் அந்த மிருகத்தில் வளர்ந்த ஆண் 400 கிலோவுக்கு மேலும் நிறை காணும். அவ்வளவு பெரிய உடலில் உயிர் போனபின்னும் உஷ்ணம் நெடுநேரம் தங்கியிருப்பதால், தாமதித்தால் இறைச்சி கெட்டுவிடும்; குடலைத் துளைத்துவிட்டாலும் கெட்டுவிடும். ஆகவே விரைவும் நிதானமும் ஒருங்கே வேண்டிய வேலை இது. கத்தியைப் பற்றி நான் மேசையருகே அமர்ந்து படித்தவற்றைவிட அதிகமாக இந்த வேலையில் தெரிந்துகொண்டேன்.

வயிற்றுத் தோலில் ஒரு சிறு துவாரம் இட்டு, இடக்கையின் இரண்டு விரல்களை உள்ளே செலுத்தித் தோலைக் குடலிலிருந்து தூக்கிப் பிடித்து, அந்த விரல்களுக்கு இடையே கத்தியின் வாயை மேல்நோக்கி வைத்து உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போக வேண்டும். இப்படிச் செய்வதற்குக் காரணம் இரண்டு. குடலுக்கு வாய் படாது என்பது ஒன்று. வெளியிலிருந்து அறுத்தால் தடித்த மயிரும் அதில் ஒட்டிய மணலும் கத்தியை விரைவில் மழுக்கிவிடும், மயிரும் இறைச்சியில் சிந்தும் என்பது மற்றொன்று. இங்கே முனையின் வடிவந்தான் முக்கியம். கம்பானியனின் முனை முதுகின் உயரத்துக்கு அருகே, கூர்மையாக நிற்கிறது; மரத்தில் துளையிட அது நல்லது, குடலருகே அதை எச்சரிக்கையோடு ஆளவேண்டும். எஃப்1-இன் முதுகோ முனையை நோக்கிச் சரிந்து, முனை அலகின் நடுக்கோட்டுக்கு இறங்கிவருகிறது. சென்ற நூற்றாண்டின் மத்தியில் அமெரிக்கக் கத்திச் சிற்பி பாப் லவ்லெஸ் வேட்டைக் கத்திகளில் பிரசித்தப்படுத்திய அமைப்பு இது. விரல் எங்கே இருக்கிறதோ முனையும் அங்கேயே இருப்பதுபோன்ற உணர்ச்சியைத் தருகிறது. வயிற்றைத் திறக்கும் இந்த ஒரு காரியத்தில் மூன்றினுள் எஃப்1 முதலாவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தோலை உரிப்பதில் மறுபடியும் மெல்லிய அலகு முந்திக்கொண்டது. அனுபவசாலிகள் தோலை முஷ்டியால் தள்ளியும் உடல் பாரத்தால் இழுத்துமே பெரும்பாலும் பிரிக்கிறார்கள். கத்தி, ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை ஜவ்வை ஆங்காங்கே தொட்டுக்கொடுத்தால் போதும். அந்தத் தொடுகைக்கு வாயின் கூர்மை மட்டுமே வேண்டும், பலம் வேண்டியதில்லை. மார்பெலும்பைப் பிளப்பதற்கு அவர்களில் ஒருவரும் கத்தியைத் தொடவில்லை. சிறிய ஈர்வாளொன்றை எடுத்து அறுத்தார்கள். மூட்டுகளை எலும்பில் படாமல் தசைநாரின் வழியே வெட்டினார்கள். பெயர் சொல்ல வேண்டாத வேறொரு கத்தி, மிக அதிகக் கடினமாகப் பதம் போடப்பட்டது, என் கையிலேயே மூட்டெலும்பில் உரசி வாயில் பல் விழுந்து பயனற்றுப் போனதைக் கண்டபின், கடினம் என்பது ஓர் எல்லைக்கு மேல் குணமாகாது என்று தெளிந்தேன். கம்பானியனின் கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை. அதனால் எலும்பில் பட்டாலும் வாய் உடையாமல் சற்று மடிகிறது, மடிந்த வாயைச் சில நிமிஷங்களில் நிமிர்த்திவிடலாம். எஃப்1 இன்னும் சிறிது கடினம்; கூர் நெடுநேரம் நிலைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை, முழு மிருகத்தையும் முடித்தபின்னும் அது காகிதம் கிழித்தது.

இனிப் பிடியைப் பற்றி. கொழுப்பும் இரத்தமும் படிந்த கையில் மெருகிட்ட மரப்பிடி வழுக்குகிறது. செங்காவி நிறம் பூசிய பிர்ச் மரப்பிடியோடு கூடிய பழைய மோராக் கத்திகள் கண்ணுக்கு எத்தனை அழகாக இருந்தாலும், மிருகத்தின் வயிற்றுக்குள் கைவிடும்போது ரப்பர் போன்ற பொருள் போர்த்திய கம்பானியனின் பிடியையே நான் நாடுவேன். விரல்கள் முன்னால் சரியாதபடி அதில் ஒரு சிறு மேடும் இருக்கிறது. கார்பெர்க்கின் பிடி கெட்டியான பிளாஸ்டிக். சுரசுரப்பு உண்டு, பற்றுதல் சற்றுக் குறைவு. எஃப்1-இன் பிடி கட்டம் கட்டமாக வரிந்தது, குளிரிலும் கைக்கு இதமானது. பெரிய கைக்காரர்களுக்குச் சிறிது குட்டை. பின்லாந்துக்காரர் தலைமுறை தலைமுறையாக இடுப்பில் அணியும் பூக்கோ கத்தியில் விரல் தடுக்கும் மேடே கிடையாது. செதுக்கு வேலையில் விரலை வாய்க்கு மிக அருகே கொண்டுபோக அது வசதி. 1928-ல் லாப்லாந்து பிரதேசத்து ரோவனியேமியில் தோன்றிய மார்ட்டீனி போன்ற கம்பெனிகள் அதை இன்றும் மிக நேர்த்தியாகச் செய்கின்றன. இருந்தாலும் கத்தி பிடித்துப் பழகாதவர், அதுவும் வழுக்கும் கையோடு, முதலில் வாங்க வேண்டிய கத்தி அதுவன்று என்பது என் அபிப்பிராயம். கைத்தொழிலைப் பாடமாகவே பள்ளிக்கூடத்தில் கற்கும் வடதேசத்துக் குழந்தைகளுக்கு உடம்பைவிட்டு வெளிப்புறமாகச் சீவுவது சிறுவயதிலேயே பழக்கமாகிவிடுகிறது; 1870-களில் நேஸ் என்ற இடத்தில் ஆட்டோ ஸாலமன் ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கிய காலத்திலிருந்து வேரூன்றிய கல்வி அது. அந்தப் பயிற்சி இல்லாத நமக்கு மேடு அவசியம்.

உறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோலுறை பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் இரத்தத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, பிறகு அதைச் சுத்தம் செய்யும் வழி இல்லை. அடியில் நீர் வடியத் துவாரமுள்ள பிளாஸ்டிக் உறையை வெந்நீரில் அலசினால் போதும். நிறமும் சாமானிய விஷயமல்ல. பச்சைப் பிடியுள்ள கத்தியைப் பாசி படர்ந்த தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி கண்டுபிடிப்பது சிரமம். வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு நிறப் பிடியை விரும்புவதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல.

கம்பானியன் துருப்பிடிக்கும் சாதாரணக் கரி எஃகிலும் கிடைக்கிறது. கல்லில் இன்னும் சுலபமாகக் கூராகிறது என்று அதைப் பாராட்டுவோர் உண்டு, உண்மைதான். ஆனால் இரத்தமும் எலுமிச்சையும் பட்டவுடனே அது கறுக்கிறது, உறைக்குள் ஓர் இரவு ஈரமாய்க் கிடந்தால் செம்புள்ளி பூக்கிறது. ஒவ்வொரு மாலையும் துடைத்து எண்ணெய் தடவும் பொறுமை உள்ளவருக்கு அது. மற்றவர்களுக்குத் துருப்பிடிக்காததே தகும். சாணை பிடிப்பதில் மோராக் கத்திகளுக்கு ஒரு பெரிய அனுகூலம், அந்தச் சாய்தளம் முழுவதும் கல்லில் படிய வைத்துத் தள்ளினால் போதும், கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. 1000 எண் நீர்க்கல்லில் தேய்த்து, நாவிதர் சவரக் கத்திக்குச் செய்வதுபோல் தோல்வாரில் சில தடவை தீட்டினால் முன்கை மயிரை வழித்துவிடும். எலும்பும் கடின மரமும் எதிர்ப்படுமானால், தோல்வாருக்கு முன் கத்தியைச் சற்றே தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் மிக லேசாக ஒருமுறை கல்லில் வழித்துக்கொள்வது வாயை உறுதியாக்கும். எஃப்1-இன் புடைத்த வாய்க்கு மிருதுவான அட்டையின்மேல் பரப்பிய உப்புத்தாள்தான் ஏற்றது. அந்தக் கை வர நாளாகும்.

எஞ்சியிருப்பது பலத்தைப் பற்றிய வாதம். இக்காலத்துக் கத்திப் பிரியர்கள், விறகுக் கட்டையின் தலையில் அலகை வைத்து அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளப்பதையே கத்தியின் பரமபரீட்சையாகக் கருதுகிறார்கள். காம்பு பிடியின் முழு நீளத்துக்கும் செல்லாத கம்பானியன் இதற்கு உகந்ததன்று என்பது அவர்களுடைய ஆட்சேபம். மணிக்கட்டுப் பருமனுள்ள, கணு இல்லாத கட்டையை அது பிளக்கவே செய்கிறது. அதற்கு மேல் கேட்பது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. பத்து சென்டிமீட்டர் அலகைக்கொண்டு பிளக்கக்கூடிய கட்டையின் பருமனுக்கு எவ்வளவு பலமுள்ள கத்தியானாலும் அதன் நீளமே எல்லை வகுத்துவிடுகிறது. ஸ்வீடனில் பிறந்து வளர்ந்தவர்கள் கட்டையைக் கோடரியால் பிளக்கிறார்கள், கிளையை மடக்குவாளால் அறுக்கிறார்கள், கத்தியைக் கத்தி வேலைக்கே வைத்துக்கொள்கிறார்கள். வடகாட்டு வாழ்க்கையை வாழ்நாளெல்லாம் கற்பித்த கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி, 2019-ல் காலமான பெரியவர், உள்ளங்கையின் அகலத்தளவு நீளமுள்ள அலகே காட்டுக்குப் போதும் என்று போதித்ததும், விலை மலிந்த மோராக் கத்திகளையே மாணாக்கர் கையில் கொடுத்ததும் இந்தத் தெளிவினால்தான்.

ஆனால் எஃப்1-ஐ இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். விமானம் வீழ்ந்து, கோடரியும் வாளும் இன்றி, கையில் ஒரே ஒரு கருவியோடு பனிக்காட்டில் நிற்கும் ஒரு விமானிக்காக அதை வகுத்தார்கள். அப்படிப்பட்டவனுக்குச் சீவலின் அழகு முக்கியமல்ல. எதை நெம்பினாலும், எதன்மேல் அடித்தாலும் உடையாத எஃகு கையில் இருப்பதே உயிர். படகில் தனியே நெடும்பிரயாணம் செய்கிறவர், ஆளரவமற்ற மலைகளில் வாரக்கணக்கில் நடக்கிறவர் அந்தப் பத்து மடங்கு விலையைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். குளிர்காலத்தில் தினந்தோறும் நெருப்பு வளர்த்துக் கூடாரத்தில் தங்குகிறவருக்குக் கார்பெர்க் பொருத்தம். அதன் பலமும் பொறி எழுப்பும் முதுகும் அங்கே நன்கு உதவும். மற்ற யாவருக்கும், வேட்டைக்காரர் உட்பட, ஆரஞ்சுப் பிடியும் துருப்பிடிக்காத அலகும் உள்ள கம்பானியனையே நான் சிபாரிசு செய்கிறேன். மிச்சமாகும் பணத்தில் நல்ல மடக்குவாள் ஒன்றும் நீர்க்கல் ஒன்றும் வாங்கிக்கொண்டால், அந்த மூன்றும் சேர்ந்து எந்த விலையுயர்ந்த தனிக் கத்தியும் செய்யாத வேலையைச் செய்யும்.

வாங்குகிறவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஸ்வீடனிலேயே 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி தகுந்த காரணமின்றிப் பொது இடங்களில் கத்தி வைத்திருப்பது குற்றம். காட்டிலிருந்து ஊருக்குள் வரும்போது அதை இடுப்பிலிருந்து கழற்றி மூட்டைக்குள் வைத்துவிடுவது அங்கே வழக்கம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பதால், இங்கே இந்தக் கத்திக்கு மரமும் சமையலும் மட்டுமே வேலை. அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ எழுத்து மூலம் முன் அனுமதி பெறாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதைத் தடைசெய்கிறது. ஆயுதம் என்பதற்கு அச்சட்டம் தந்திருக்கும் விளக்கத்தில் கத்தியும் சேர்ந்திருக்கிறது. ஆகையால் முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ போகிறவர்கள், எவ்வளவு சிறிய கத்தியானாலும், புறப்படுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு செல்லும்படி வேண்டுகிறேன்.